வாய் ஜாஸ்தி, வருமானம் கம்மி

எண்பதுகளில் திருவண்ணாமலையில் எங்கள் குழுவுக்குச் சிரிப்பு நாடகம் எழுதித் தந்தவர் ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஒல்லியான உடம்பு, சிரிப்பே வராத முகம். யார் எதைச் சொன்னாலும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை.

அவர் நாடகத்தில் வரும் மனைவி, "வாய் ஜாஸ்தி, வருமானம் கம்மி" என்று கணவனைத் திட்டுவாள். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

அடுத்த நாடகத்தை வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி டம்ளரை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார்.

"ஏண்ணே, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?"

"அந்த வசனம் அவ என்னைச் சொன்னதுப்பா. மார்க்கெட்ல கீரைக்காரம்மா அதையே அவகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கு. அன்னிக்கு வாய மூடினவதான். ஆறு மாசம் ஆவுது."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார்.

புது நாடகத்தில் மனைவிக்கு வசனமே இல்லை. ணங்கென்று டம்ளரை வைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் கொட்டகை அதிர்ந்தது. எடுத்துக்கொடுக்க ஒன்றுமில்லாமல் நானும் சிரித்தேன். என் பக்கத்தில் நின்ற அவர் மட்டும், இப்போதாவது பேசிவிட மாட்டாளா என்று மேடையில் இருந்தவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.