முதுகில் எழும்பிய நாலு கோடு

நாலு வருஷத்துக்கு முன்னால, ஆடி மாசக் கோயில் திருவிழாவுக்கு நான் பிறந்த பழைய தோட்டத்துக்குப் போயிருந்தோம். மலேசியாவுல நாங்க இருக்கிற ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம். ரப்பர் போய் இப்ப எல்லாம் செம்பனை. தோட்டத்து ஆளுங்க இருந்த லயத்து வரிசையில இப்ப ஆளில்ல, அதுல கடைசி வீடு எங்களுது. சும்மா இருக்க மாட்டாம உள்ளே போனேன். பின்னறையிலிருந்து குனிஞ்சு வெளிய வரும்போது முதுகுல என்னவோ சுரீர்னு இழுத்துச்சு. திரும்பினேன், யாரும் இல்ல.

அந்த அறையிலதான் என் அத்தையை, அப்பாவோட அக்காவை, பேய் பிடிச்சவள்னு அடைச்சு வெச்சிருந்தாங்களாம். நான் பிறக்குமுன்னே செத்துட்டாங்க. முதுகெல்லாம் பேய் கீறின தடம்னு சொல்லிக் கேட்டிருக்கேன்.

எனக்கு விழுந்தது நாலு கீறல். சீக்கிரமே ஆறிருச்சு. ரெண்டு வாரம் கழிச்சுக் குளிக்கும்போது கைக்குச் சொரசொரன்னு பட்டுச்சு. கண்ணாடியில பார்த்தா, ஆறின அதே நாலு கோடும் சிவந்து தடிச்சு, மேல வெள்ளை வெள்ளையாச் செதில். நாலு விரலை வெச்சு இழுத்த மாதிரியே இருந்துச்சு.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். மறுநாள் எங்க மூணு வயசு மகளைத் தூக்கிட்டுப் போய் ஈப்போவுலயே சிலிபின் பக்கம் இருக்கிற அவரோட அக்கா வீட்டுல விட்டுட்டார். "இது போகட்டும், அப்புறம் பிள்ளையைத் தொடு"ன்னார். பெத்த பிள்ளையை வாசல் கேட்டுக்கு வெளிய நின்னு பார்க்கிறது என்ன கொடுமை! அவ திரும்பி வந்தா போதும்னு, அவர் சொன்ன சாமியாடிகிட்ட போனேன். அந்த ஆள் ரோத்தான் பிரம்பால முதுகுல மூணு அடி போட்டார். "கூடவே வந்திருக்கு, ஓடிரும்"னார். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கினேன், புத்தி கெட்டவ.

ரெண்டு வாரத்துல நாலு கோடு ஏழாச்சு. பிரம்பு விழுந்த மூணு இடத்துலயும் அதே சிவப்பு, அதே செதில். அதுக்கப்புறம் பட்டப்பகல்லகூட பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்கும்.

ஜெலாப்பாங் ஃபேக்டரியில என்கூட வேலை செய்யற அக்காதான், "பைத்தியமா நீ? கிளம்பு லா"ன்னு தோல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. வீட்டுக்காரரும் வந்தார். டாக்டர் சின்ன வயசுத் தமிழ்ப் பொண்ணு. என் தலைமுடியையும் விலக்கிப் பார்த்துச்சு. வருஷக் கணக்கா பொடுகுன்னு நான் தேய்ச்சுத் தள்ளினதும் இதேதானாம், சொரியாசிஸ். தொட்டா ஒட்டாதாம்.

"காயம் பட்டா தோல்ல இருக்கிற செல்லெல்லாம் ஒன்னுக்கொன்னு சேதி அனுப்பும்க்கா. ஆறினதும் போதும்னு ஒரு சேதி வரணும். உங்க உடம்புல அது சரியா வரல. ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் சில நாள்லயே வளர்ந்து குவியுது. அதனாலதான் காயம் பட்ட இடத்துல எழும்புது."

அப்புறம் அந்த மூணு கோட்டைத் தொட்டு, "இது யார் அடிச்சது?"ன்னு கேட்டுச்சு. வீட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுட்டார். பரம்பரையாவும் வருமாம், குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னு அடுத்த கேள்வி. எனக்கு அத்தை ஞாபகம் வந்துச்சு. அத்தைக்கு முதல்ல ஒரு கோடு எழும்பியிருக்கும். பேய்னு அடிச்சிருப்பாங்க. அடிச்ச இடமெல்லாம் எழும்பியிருக்கும். பேய் இன்னும் போகலன்னு மறுபடியும் அடிச்சிருப்பாங்க. அந்த நாற்காலியிலேயே ஓன்னு அழுதுட்டேன்.

அன்னைக்கே மகளைக் கூட்டிட்டு வந்துட்டோம். என் கைக்கு எட்டாத முதுகுக்கு இப்ப வீட்டுக்காரர்தான் மருந்து பூசறார். அந்த அறையில என்னைக் கீறினது செம்பனை முள்ளா, தகரமா, இன்னும் எனக்குத் தெரியாது. ஆனா மகள் எப்ப முட்டியைச் சிராய்ச்சுக்கிட்டு வந்தாலும் ரெண்டு வாரம் எண்ணுவேன். எழும்பினா எழும்பட்டும், அவ முதுகுமேல பிரம்பு விழ நான் விடமாட்டேன்.