கிரேஸ்பாய் அக்காவின் ஓலைப்பெட்டி

செய்தி சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வாசலில் நின்று சாளைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். 'நம் அன்புச் சகோதரி கிரேஸ்பாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று சபைச் செயலர் எழுதியிருந்தார். மீன் வாங்காமலே உள்ளே வந்து உட்கார்ந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. 'அன்புச் சகோதரி' என்று எழுதிய அதே விரல்தான் சென்ற ஆண்டு அதே குழுவில் 'கல்லறைத் தக்காளி' என்று எழுதிச் சிரிப்புப் படம் போட்டது. இதை வாசிக்கும் உங்களில் பலரும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள்.

அக்காவும் நானும் ஒரே அரசு அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகு, அவள் வீட்டுக்குப் பின்னால் தென்னை நிழல் விழாத துண்டு நிலத்தில் இருவருமாகத் தக்காளி போட்டோம். உரக்கடைப் பக்கமே போகக் கூடாது என்பது அவள் கட்டளை. முதல் தடவை ஆர்வக்கோளாறில் மட்காத கோழி எருவை அள்ளிப் போட்டாள். செடியெல்லாம் கருகிப் போயிற்று. நான் வாய் திறக்கும் முன் அவளே முந்திக்கொண்டாள்.

"வேகாத சோத்த தின்னா நமக்கே வயிறு வலிக்கும். பாவம், இதுவ யாருகிட்ட போய் சொல்லும் பிள்ளே?"

அதற்குப் பிறகு மோந்து பார்க்காமல் அவள் எருவைப் பாத்தியில் போட்டதில்லை. புதுமழை நனைத்த மண்ணின் வாசம் வரும்வரை புரட்டிக்கொண்டே இருப்பாள்.

அவள் கணவர் இறந்த மூன்றாம் நாள் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். மலர்வளையங்களை மதில் ஓரத்தில் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். தோவாளைச் சந்தையிலிருந்து வந்த செவ்வந்தியும் கேந்தியும் பாதி கருகிக் கிடந்தன.

"எங்க வீட்டுக்காரருக்கு வச்ச பூவுக்கு இந்த கதியா?" என்றவள், தீ பிடிக்காத வளையங்களை இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். அன்று மாலையே குறடால் கம்பியை வெட்டி, ஜரிகைத் தாளையும் தெர்மோகோலையும் பிரித்தெறிந்துவிட்டு, பூவை மட்டும் சாணத்தோடும் பலா இலையோடும் அடுக்கினாள். பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் ஒரு வருடம் முழுக்க அந்தக் குவியலை என்னைத் தொடவிடவில்லை. பிறகும் அந்த எருவில் பயறு ஊன்றி, அது கோணாமல் முளைத்த பின்தான் தக்காளிக்குப் போட்டாள். அந்தக் காய்ப்பை நீங்களும் கண்டீர்கள். அறுப்பின் பண்டிகையில் அவள் தக்காளி நிறைந்த ஓலைப்பெட்டியைக் காணிக்கையாகப் பீடத்துக்கு முன்னால் வைத்தபோது ஏலத்தில் போட்டி போட்டதும் நீங்கள்தான்.

அதிலிருந்து ஊரில் யாரை அடக்கம் செய்தாலும் மூன்றாம் நாள் அக்கா குறடோடு கிளம்பிவிடுவாள். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். சபைக் கமிட்டி அவளைக் கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன்.

"செத்தவங்களுக்க பூவுல வெளஞ்சத ஆண்டவருக்கு முன்னால கொண்டு வைப்பியளோ?" என்று கேட்டார் செயலர்.

"அது செத்தவங்களுக்க பூ இல்ல. நீங்க காசு குடுத்து வாங்கி வச்ச பூ" என்றாள் அக்கா.

பதில் சொல்லத் தெரியாதவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கத் தெரிந்திருந்தது. சென்ற ஆண்டுப் பண்டிகையில் பூசணியும் வாழைக்குலையும் கோழியும் ஏலம் போயின. அவள் பெட்டியை மட்டும் யாரோ எடுத்துப் பின்னால் பெஞ்சுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். ஆசீர்வாதம் கூறி முடியும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அதைத் தானே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஒருத்தராவது ஒரு காய எடுத்துப் பாத்திருக்கலாம் பிள்ளே" என்றாள் வழியில். கொஞ்ச தூரம் போய், "வருசா வருசம் கொண்டு வருவேன். திரும்ப முன்னால வைக்கது வரைக்கும் கொண்டு வருவேன், கேட்டியா" என்றாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

இந்த ஆண்டுப் பண்டிகைக்கு அவள் இல்லை. செடிகள் இப்போதுதான் பூத்திருக்கின்றன.

அடக்கத்தன்று அவளை 'இயற்கை விவசாயத்தில் நம் சபைக்கே முன்மாதிரி' என்று செயலர் புகழ்ந்தார். எல்லாவற்றிலும் பெரிய மலர்வளையம் அவருடையதுதான், வெள்ளி எழுத்தில் பெயரோடு. உயிரோடு இருந்தபோது ஒரு தக்காளியைத் தொடக் கூசிய கைகள் வரிசையில் நின்று அவளுக்குப் பூ வைத்தன. அவளை அனுப்புகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்றிருந்தேன். அந்த நேரம் கடந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் பொருள்களில் நான் அவள் மகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தக் குறடும் ஓலைப்பெட்டியும். மூன்றாம் நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காவலாளி தீப்பெட்டியோடு நின்றிருந்தார். "இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஒரு வளையம் விடாமல் ஆட்டோவில் ஏற்றினேன். கம்பி வெட்டத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டேன். எல்லாம் இப்போது அவள் வீட்டுக்குப் பின்னால் சாணத்துக்கு அடியில் கிடக்கிறது.

ஒரு வருடம் கிடக்கட்டும். பயறு முளைக்கட்டும். தக்காளி காய்க்கிற ஆண்டில் அவள் பெட்டியை நான் தூக்கிவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பேன். யாருடைய பூவில் விளைந்தது என்று அன்று யாரும் கேட்க வேண்டாம். எல்லாம் நீங்கள் அவளுக்கு வைத்ததுதான்.