திரு இருதயப் படத்துக்குப் பின்னால் இருந்த கல்யாணம்

வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கிறவளுக்காக அவள் புருஷனின் வரியில் கழிவு உண்டு என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் ஏழு பெற்று வளர்த்தவள். யாரும் ஒரு முட்டைகூடக் கொடுத்ததில்லை. அதனால் மகள் ப்ரோனாவை விடுவதாக இல்லை. அவள் வேலையை விட்டு ஐந்து வருஷம், இரண்டு பிள்ளைகள். மருமகன் ஃபின்டன் பால் லாரி ஓட்டுகிறான். "கிடைக்கிறதை வாங்கத் தெரியாத மனுஷன்" என்று அவன் காதுபடவே சொல்லித் திரிந்தேன். நாலு வருஷத்துக்குப் பின்னோக்கிக் கேட்கலாமாம். டிசம்பர் தாண்டினால் பழைய வருஷம் போச்சு. நச்சரித்து வரி அலுவலகத்துக்கு எழுதிப் போட வைத்தேன்.

கல்யாணச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. பதிவு அலுவலகத்தில் கேட்டால், அப்படியொரு கல்யாணமே பதிவாகவில்லையாம்.

"அப்போ ஆறு வருஷமா நான் பிரம்மச்சாரியா? யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றான் ஃபின்டன்.

ப்ரோனா சிரிக்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி காலி, அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தாள். பாதிரியார் கையெழுத்துப் போட்ட தாளை யாரிடம் கொடுத்தோம் என்று யோசித்தாள். நான் சர்க்கரை போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

கொடுத்தது என்னிடம்தான். அவர்கள் தேனிலவுக்கு ஸ்பெயின் கிளம்ப, ஒரு மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் சேர்க்க வேண்டிய தாளை நானே கொடுக்கிறேன் என்று ஜம்பமாக வாங்கினேன். டவுனில் அந்தக் கட்டடத்துக்குள் ஐந்து கதவுகள், கதவுக்கு ஒரு பலகை. எனக்கு எழுத்து வராது. அது செத்துப்போன என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றே காலத்தை ஓட்டியவள். கேட்க வாய் வரவில்லை. அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சமையலறையில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினேன். தேனிலவு முடிந்து வந்து ப்ரோனா ஒருமுறை கேட்டபோது, பத்திரமாக இருக்கிறது என்றேன். அதில் பொய்யில்லை. அடுத்த வாரம்தான் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

எழுந்துபோய்ப் படத்தை இறக்கினேன். தாள் புதுக் கருக்கோடு இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுடி."

ப்ரோனா தாளைக் கையில் வாங்கினாள். "அப்போ பிறந்தநாளுக்கு நான் பார்த்துப் பார்த்து எழுதின அட்டையெல்லாம்?"

"படம் நல்லா இருந்துச்சு."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் இருவரும் காரில் காத்திருக்க, தனியாகத்தான் போவேன் என்று உள்ளே போனேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "எனக்கு வாசிக்க வராது, கல்யாணம் பதியற கதவு எதும்மா?" என்றேன்.

"நீங்க சாஞ்சு நிக்கிறதுதான் பாட்டி."

பக்கத்தில் அதே பெஞ்ச் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. நாலு வருஷத்துக் கழிவுப் பணமும் வந்தது. தொட்டி நிறைந்த அன்று ஃபின்டன் என் தட்டில் பன்றிக்கறி வைத்தபடி, "அத்தை, கிடைக்கிறதை வாங்கத் தெரியாத மனுஷன் யாருன்னு சொன்னீங்க?" என்றான்.

வாயில் உருளைக்கிழங்கு இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.