ஏரோதுவின் உடையாத தலை

ஏரோது அரசனுக்கு நான் மூன்று தலைகள் செய்தேன். மூன்றும் உருப்படவில்லை.

அந்த வருடம் பாலன் பிறப்பு விழாவான நத்தாருக்குக் குருநகரில் எங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள் நாங்கள் பொம்மலாட்டம் போட்டோம். மாதாவையும் அவர் கணவர் சூசையப்பரையும் அக்கா முதலிலேயே தட்டிப் பறித்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது, குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோது. எனக்கு அதில் பரம சந்தோஷம். கடைசியில் சிம்மாசனத்திலிருந்து தலைகுப்புற விழுந்து சாகிற பாக்கியம் வேறு எந்தப் பொம்மைக்கும் கிடையாது.

விழுவதுதான் வினையாகிப் போனது. களிமண் தலை முதல் ஒத்திகையிலேயே இரண்டாகப் பிளந்தது. கோயில் மெழுகுதிரித் துண்டுகளைப் பொறுக்கி உருக்கிச் செய்த தலை மூக்கை நிலத்தில் விட்டுவிட்டு எழும்பியது. பழைய பேப்பரை மரவள்ளி மாக் கூழில் ஊறவைத்துச் செய்த மூன்றாவது தலை நன்றாகத்தான் இருந்தது. அதன் காதுகளை எலி தின்றுவிட்டது. சீமெந்து என்றால் அந்தச் சண்டைக் காலத்தில் கண்ணால் காணவும் கிடைக்காது. இன்னொரு தரம் உடைந்தால் அரசன் திரைக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுக்கட்டும் என்று கோயில் சுவாமியார் தன்மையாகச் சொன்னார். நான் மதியச் சோற்றைத் தொடவில்லை.

அது கடலுக்குப் போகத் தடை இருந்த காலம். அப்பாவின் பைபர் வள்ளம் அடி வெடித்தபடி கரையில் கவிழ்ந்து கிடந்தது. தடை எடுத்த அன்றே அதை ஒட்டிக் கடலில் இறக்கவென்று இனி எங்கும் கிடைக்காத ஒரு தகர ரின் பைபர்ப் பசையை அப்பா பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தார். அதைத் தொட்டால் கை இருக்காது என்பது வீட்டுச் சட்டம். அந்த ரின்னை அன்று அப்பாவே வெளியே எடுத்தார்.

"அப்பா, அது வள்ளத்துக்கெல்லோ?" என்றேன்.

"வள்ளம் கிடக்கட்டும். முதல்லை உன்ரை ராசா எழும்பட்டும்."

பசை தண்ணீர் மாதிரி ஓடுமாம். வார்க்க ஓர் அச்சு வேண்டும் என்றார். அச்சுக்கு எங்கே போவது? வீட்டுப் பீடத்தில் இருந்த சூசையப்பர் சிலையை எடுத்து, முகத்தைக் களிமண்ணில் அழுத்தி எடுத்தேன். அச்சைக் காயவைத்து, உள்ளே தேங்காயெண்ணெய் தடவினோம். இறுக வைக்கும் மருந்து கொஞ்சம் கூடிவிட்டதால் அச்சிலிருந்து புகை கிளம்பியது. அப்பாவும் நானும் முற்றத்துக்கு ஓடிப்போய் நின்று சிரித்தோம். பிறகு அவர் ஈர்க்கால் ரின்னை வழித்து, கடைசிச் சொட்டையும் அரசனின் பின்மண்டைக்குப் பூசினார்.

மண்ணெண்ணெய் இல்லாததால் ஆட்டம் பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கியது. கறுப்பு மீசையும் சிவப்புக் கண்ணும் தீட்டியும் ஏரோதுவின் முகத்தில் சாந்தம் போகவில்லை. அவன் மேடைக்கு வந்ததும் முன் வரிசையில் இரண்டு கிழவிகள் சிலுவை போட்டார்கள். அரசன் கட்டளையிட்டபோது அவர்களில் ஒருத்தி தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"சூசையப்பரே, நீரோ பிள்ளையளைக் கொல்லச் சொல்லுறீர்?"

சுவாமியார் சிரிப்பை அடக்க லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அரசன் விழுந்தான். பலகை அதிர்ந்தது; தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சனம் கேட்டதால் இன்னும் இரண்டு தரம் விழுந்து செத்தான். அப்பா எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை குருநகரில் இருந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அந்த வெறும் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பசை தீர்ந்ததென்றால் அப்பா கடலையே கைவிட்டுவிட்டார் என்று அவருக்கு விளங்கியிருந்தது. எனக்கு விளங்கவில்லை. சூசையப்பரைக் கொலைகாரனாக்கியதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ஓசைப்படாமல் பீடத்தடிக்குப் போய், சிலையின் தாடியில் ஒட்டியிருந்த களிமண்ணை ஓர் ஈர்க்கால் கிண்டி எடுக்கத் தொடங்கினேன்.