கறள் பிடித்து வைத்திருந்த தண்ணீர்

இரும்புக் கறள் ஊறிய தண்ணீர் கொதித்தால் ஒரு மணம் வரும். அடுப்பில் வெறும் இரும்புச் சட்டியை மறந்துவிட்டு வந்ததுபோல. போன கிழமை வவுனியா பஸ் நிலையத்தில் ஒரு பஸ், எஞ்சின் மூடி திறந்தபடி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் விலகிப் போனார்கள். நான் கிட்டப் போய் மூச்சை இழுத்தேன். எங்கள் லிங்கநகர் வீட்டின் கார்க் கொட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்பாவின் கார் அது. என்னைவிட வயது கூடிய இங்கிலாந்துக் கார். சண்டைக் காலத்தில் எந்த நேரமும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டிவரும் என்று, தினமும் காலையில் அதை ஸ்டார்ட் பண்ணி, வளவுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்துவார். சண்டை முடிந்தது. அப்பாவும் செத்துப் போனார். வழக்கம் போகவில்லை. அம்மா குசினிக்குள் அடுப்படியில் இருந்து குரல் கொடுப்பார், நான் ஸ்டார்ட் பண்ணுவேன். குழாய்த் தண்ணீர் குடிக்க மட்டும் என்பது வீட்டுச் சட்டம். காருக்கு வளவுக் கிணற்றின் உவர்த் தண்ணீர். வெளிக்கிடத் தயாராக வைத்திருந்து வைத்திருந்தே அதை உப்புக்குத் தின்னக் கொடுத்தோம். மேலே மினுக்கம். பக்கத்துப் பாலையூற்று வரை போனாலே கொதித்துவிடும்.

அப்பா போன பிறகு நான் அம்மாவை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் எழும்பி நிற்பேன். எங்கே போவதென்று தெரியாமல் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப இருப்பேன். கடைசியில் மட்டக்களப்பில் இருக்கும் அக்கா அம்மாவைத் தன்னோடு வைத்திருக்கச் சம்மதித்தார். அம்மாவும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் குமட்டிச் சத்தி வருமாம், வாடகை வானில் ஏற்றினால் சவம் கொண்டுபோகிற மாதிரியாம். எங்கள் காரில், முன்சீற்றில் என்றால் வருவாராம். அது அவ்வளவு தூரம் ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து கார் திருத்தும் ஒரு நானாவைக் கூட்டிவந்தேன். கை வேலை செய்யும், வாய் ஓயாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்து இழுத்தார், அப்பம்போலப் பிய்ந்தது. தண்ணீர்ப் பம்பின் சிறகுகள் இருந்த இடத்தில் கறுத்த சேறு. தண்ணீர் வெளியே வராமல் எஞ்சின் பக்கத்தில் காசுபோல அடித்திருந்த தகட்டு மூடிகளைக் கம்பியால் சுரண்டினார். ஒன்றில் கம்பி உள்ளே போயிற்று.

“இஞ்ச பாருங்க தம்பி. கறள்தான் இவ்வளவு நாளும் தண்ணியப் புடிச்சு வெச்சிருக்கு. கழுவினா ஒழுகும்.”

“கழுவாட்டி?”

“கழுவாட்டிக் கொதிக்கும்.”

கழுவச் சொன்னேன்.

அம்மா கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஒவ்வொரு துண்டு கழன்று விழும்போதும் அவர் முகம் தெளிந்தது. நானாவுக்குத் தேத்தண்ணி, பனங்கட்டி, பிறகு முறுக்கு. இப்படிக் கவனித்தால் ஒரு மாதத்துக்கு இழுப்பேன் என்று நானா பகிடி விட்டார். இழுங்கோவன், ஆருக்கு அவசரம் என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொழும்பிலிருந்து பம்ப் வந்தது. புது மூடிகளை நானா கிண்ணியாவில் கடைந்து கொண்டுவந்தார். றேடியேற்றரைப் பிரித்து, உள்ளே குழாய்களைப் புதுசாகப் போட்டுப் பற்றவைத்தார். குடிக்கிற குடத்திலிருந்தே தண்ணீர் எடுத்து ஊற்றினோம். சூடு காட்டும் முள் பாதிவரை ஏறி நின்றது. நின்றேவிட்டது. நானா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அலுமாரி திறந்து சேலைகள் எடுக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு நாளும் நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம்; கேட்டதும் குடத்திலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.

மட்டக்களப்புக்கு வெருகல், வாகரை என்று வெயிலுக்குள் போனோம். அம்மா முன்சீற்றில் இருந்தார். கடலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். அது ஏறினால் திரும்பிவிடலாம் என்று எனக்குள்ளும் ஒரு மனம். ஏறவில்லை.

அக்கா வாசலுக்கு வந்து அம்மாவின் பையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். நான் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அங்கேயே இருந்துவிடுவேன் என்று பயம். அம்மா மெல்ல இறங்கி, சேலையை உதறி, என் பக்கத்துக் கண்ணாடிக்குக் கிட்ட வந்தார்.

“கேற்றைச் சாத்திப்போட்டுப் போ. நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்.”