டர்னர் என்று சொன்னார், ஹெல்பர் என்று எழுதினேன்

டர்னர் வேலைக்கு மனுப் போட வந்தவருக்கு ஹெல்பர் வேலை கேட்டு எழுதிக் கொடுத்தவன் நான். கை தவறி எழுதவில்லை, தெரிந்தேதான் எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய் மாட்டுங்காவில் தங்கியிருந்த குமாஸ்தா. பி.ஏ. படித்தவன் என்பதால் ஞாயிறு மாலைகளில் தாராவியிலிருந்து ஆட்கள் வேலை மனுப் பாரங்களோடு வருவார்கள். அவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். என்ன எழுதினேன் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தோல் கிடங்கில் வேலை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு பட்டறையில் கழித்து, இரும்பு கடையும் லேத் இயந்திரத்தில் கை பழகியிருந்தார். அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலை ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். “டர்னர்னு போடுங்க சார். நல்லா கொட்டை எழுத்துல போடுங்க.”

“ஹெல்பர்னா நிச்சயமா கிடைக்கும்” என்றேன்.

“நிச்சயமா கெடைக்கதுக்கு நான் எதுக்கு சார் ரெண்டு வருசம் ஞாயித்துக்கெழம தூங்காம கெடந்தேன்?” என்று சிரித்தார்.

சரி என்று தலையாட்டிவிட்டு ஹெல்பர் என்று எழுதினேன். அவர் நன்மைக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எம்.ஏ. படிக்கும் ஆசையை முதல் சம்பளத்தோடு விட்டவன் நான். இலக்கை விட்டவனுக்கு அடுத்தவர் இலக்கு உறுத்தும்.

வேலை கிடைத்தது. முதல் நாளே துடைப்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மறு ஞாயிறு வந்து நின்றார். “நீங்க மாத்தி எழுதிட்டியளா சார், அவன் மாத்தி வாசிச்சானா?”

“நான்தான். கிடைக்கிறது கிடைக்கட்டும்னு...”

“கெடைக்கிறதக் கேக்க நான் ஏன் ஒம்மகிட்ட வாரேன்?” அதுவரை சார் என்று அழைத்தவர் அன்று அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவரோடு அம்பர்நாத் போனேன். தப்பு என்னுடையது, இவருக்கு லேத் தெரியும் என்று ஃபோர்மேனிடம் இந்தியில் சொன்னேன். ஃபோர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு கம்பியை இவர் கையில் கொடுத்துக் கடையச் சொன்னார். பதற்றத்தில் அளவு தவறியது. “அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பார்க்கலாம், பாபு” என்று அனுப்பிவிட்டார்.

இவர் துடைப்பத்துக்குத் திரும்பினார். ஆனால் லேத்திலிருந்து உதிர்ந்த இரும்புச் சுருள்களைக் கூட்டும்போதே, எந்த வேகத்தில் எப்படிப்பட்ட சுருள் விழுகிறது என்று பார்த்து வைத்தார். போகுமிடம் தெரியாதவருக்கு அது வெறும் குப்பை. அவருக்கு அது பள்ளிக்கூடம்.

ஏழெட்டு மாதம் கழித்துப் புதிய பாரத்தோடு வந்தார். இதற்குள் ஆங்கில எழுத்துப் பழகி அவரே நிரப்பியிருந்தார், சாய்ந்த பெரிய எழுத்துகளில். “சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. பேனாவ எடுக்காதிய.” முகவரியில் இரண்டு பிழைகள் இருந்தன. வாயால் சொன்னேன், அவர் திருத்திக்கொண்டார். இந்த முறை ஃபோர்மேன் முன் அவர் கடைந்த கம்பி அளவில் நின்றது.

டர்னரான பிறகும் அவர் தாராவி ஆட்களை என்னிடம் அனுப்பினார், ஒரு வார்த்தை சொல்லி. வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துக்கு முன் கேட்டார்கள்: “எழுதினத வாசிச்சுக் காட்டுங்க சார்.” வரி வரியாக வாசித்துக் காட்டினேன். விட்டுப்போன எம்.ஏ.வுக்கு நானும் பாரம் நிரப்பியபோது, எனக்கு நானே அப்படியே வாசித்துக் காட்டிக்கொண்டேன்.