ஈயத்தாளில் பொதிந்த கல்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவர் செல்வதாஸ். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அவர் கழுவி வைத்த குடுவையை வேறு யாரும் மறுபடி கழுவ மாட்டார்கள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு தராசுத் தட்டுகூட அவர் கையால் கோணியதில்லை. பேராசிரியர் பொன்னுலிங்கம் கூடத்துச் சாவிக்கொத்தை அவரிடமே விட்டிருந்தார்.

1953 ஐப்பசியில், பட்டப்பகலில், தோவாளைப் பூ வியாபாரி சுயம்புலிங்கத்தின் ஓட்டுக்கூரையைப் பொத்துக்கொண்டு வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. தேங்காய் அளவு இருக்கும், மேலெல்லாம் கருகியிருந்தது. வீட்டுப் பெண்கள் அதைப் பார்க்கவே பயந்தார்கள். பேராசிரியர் கேட்டதும் விட்டது தொல்லை என்று கொடுத்துவிட்டார்கள். செல்வதாஸ்தான் பஸ்ஸில் போய், துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

கல்லை அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அனுமதி வர மூன்று வாரம் பிடித்தது. பேராசிரியர் அதற்காகத் திருவனந்தபுரத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். இங்கே அடைமழை. கல்லிலிருந்த இரும்புப் பொட்டுகளில் துரு ஏறுவதைச் செல்வதாஸ் கவனித்தார். கடைத்தெருவுக்குப் போய், தேயிலைப் பெட்டிகளுக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளைக் கேட்டு வாங்கிவந்து, ஈரம் புகாதபடி கல்லை இறுகப் பொதிந்து வைத்தார். அனுமதி வந்த அன்று தாளைப் பிரித்து, கல்லைத் துடைத்துக் கொடுத்தார். பேராசிரியர் அதைக் கண்ணாடி ஜாடியில் பஞ்சு வைத்து அனுப்பினார். தாளைப் பற்றிச் சொல்வதற்கு ஏதும் இருப்பதாகச் செல்வதாஸுக்குத் தோன்றவில்லை.

1955 தை மாதம் அங்கிருந்து கடிதம் வந்தது. பேராசிரியர் அதை வைத்துக்கொண்டு விளக்கினார்.

"நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல தோரியம் இருக்குல்லா, அது மாதிரி இந்தக் கல்லுல துளி யுரேனியம் உண்டு. அது கோடிக்கணக்கான வருஷமா மெல்ல மெல்ல ஈயமா மாறிட்டே இருக்கும். ஈயத்துலயும் எடை கூடினது, கொறஞ்சதுண்ணு நாலு வகை இருக்கு. எது எவ்வளவுண்ணு அளந்தா கல்லு உண்டான காலம் தெரியும். பூமியும் செவ்வாயும் திரண்டதும் அப்பத்தான். பூமியில உள்ள பழைய பாறை எல்லாம் உருகி மாறிப்போச்சு. இது மாறல்ல."

"கல்லுல ஈயம் எவ்வளவு இருக்கும் சார்?"

"பத்து லட்சத்துல ஒரு பங்குகூடத் தேறாது. அதனாலதான் கேட்டிருக்காங்க, குழாய், பெயிண்டு, தகடு, எதாவது ஈயம் மேல பட்டுதாண்ணு. நம்மகிட்ட ஒண்ணும் படல்லல்லா? இல்லண்ணு எழுதிரட்டா?"

"ஆமா சார்" என்று செல்வதாஸின் வாய் சொல்லிவிட்டது.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் மனைவி ராகேல் கஞ்சிச் சட்டியை முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"என்னண்ணு சொல்லாம இண்ணைக்கு எழும்ப விடமாட்டேன்."

சொன்னார்.

"கெடுத்தது தெரியாமச் செஞ்சது. மறைச்சா தெரிஞ்சு செஞ்சதாவும். போய்ச் சொல்லுங்க."

செல்வதாஸ் எதையும் தூரப் போடுகிறவரல்ல. அந்த ஈயத்தாளை மடித்து அலமாரிக்கடியில் வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனார். ஈயம் படவில்லை என்ற பதில் தட்டச்சாகி, கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

எல்லாவற்றையும் கேட்ட பொன்னுலிங்கத்தின் முகம் இருண்டது. "அண்ணைக்கே கேட்டேனே ஓய்" என்றார்.

"பேடிச்சுப் போச்சு சார், பயந்துட்டேன். வேலை போனாலும் போட்டும். ஒண்ணு மட்டும் கேக்கட்டா? இந்தத் தாளையும் அனுப்பினா, இதுல எந்தெந்த வகை ஈயம் இருக்குண்ணு அவங்க அளப்பாங்கல்லா? கல்லுல அது எங்க ஏறியிருக்குண்ணு தெரிஞ்சிரும். அத விலக்கிரலாமே?"

பேராசிரியர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டச்சுக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்தார்.

பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தபால்காரர் வாசலுக்கு வரும்போதெல்லாம் செல்வதாஸ் ஏதாவது குடுவையைத் துடைக்கப் போய்விடுவார். 1956 பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை பேராசிரியர் உறையைக் கையில் பிடித்தபடி கூடத்துக்கே வந்துவிட்டார். நின்றவாறே தமிழில் சொல்லிக்கொண்டு போனார். ஈயத்தாளின் கறை மேல்தோலுக்குக் கீழே இறங்கவில்லை. தாளை அளந்து பார்த்ததால் அது உறுதியாயிற்று. கல்லை உடைத்து, நடுவிலிருந்து எடுத்த துண்டை அளந்தார்கள். நானூற்று ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகள். வேறு தேசங்களில் விழுந்த கற்களும் கிட்டத்தட்ட அதையே சொல்கின்றன.

"இதையும் கேளும். ஈயமே படல்லண்ணு எழுதிக் குடுத்து வேற ரெண்டு கல்லு வந்திருக்கு. ரெண்டுலயும் கறை. எங்க பட்டுது, எப்படிப் பட்டுதுண்ணு தெரியாம அதுகள ஒதுக்கிட்டாங்களாம். நம்ம கல்லு நின்னுட்டு. தாளை அனுப்பினவருக்கு நன்றிண்ணு தனியா ஒரு வரி எழுதியிருக்காங்க."

செல்வதாஸ் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பொன்னுலிங்கம் தானே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அரைநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ராகேலிடம் சொன்னபோது அவள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தன கோடி?"

"நானூத்தி அம்பத்தஞ்சு."

"அம்மாடி. அவ்வளவு காலத்துக்கு நடுவுல நீங்க பொதிஞ்சு வச்ச மூணு வாரம் ஒண்ணும் செய்யல்லியே?"

"செய்யல்ல" என்று சொன்னவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ராகேலும் மீன் கையோடு சிரித்தாள். அன்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், வெயில் தாழ அவள் வந்து எழுப்பும்வரை அசையாமல் தூங்கினார்.